எருக்கூடை யார் தலையில்?

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் 11 பன்னாட்டு மலைகள் தினம். 2022இல் அந்த நாளுக்கு ஐ.நா. எடுத்துக்கொண்ட பொருளே மலைப் பெண்கள்தான். 2026ஐப் பெண் உழவர் ஆண்டு என்றும் அறிவித்திருக்கிறார்கள். நல்லது, தலைப்புகளுக்குக் குறைவில்லை. நான் எருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இமயமலைச் சரிவில் உத்தராகண்டின் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வயல் என்றால் மலையைப் படிபடியாக வெட்டிய துண்டு நிலம். ஒரே குடும்பத்துக்கு ஓடையோரம் ஒரு துண்டு, ஊருக்கு மேலே இன்னொரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். வண்டி போகாது. காட்டிலிருந்து கருவாலி மரத்தின் இலையை அரித்து வந்து தொழுவத்தில் பரப்பி, அது சாணத்தோடு மக்கியதும் கூடை கூடையாக அள்ளி வயலுக்குச் சுமக்கவேண்டும். இலை அரிப்பது, புல் அறுப்பது, எரு சுமப்பது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் பெண்கள் வேலை. ஏர் பிடிப்பது மட்டும் வழக்கப்படி ஆண் வேலை. அந்த ஆண்களில் பலர் சமவெளிக்குச் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கும். தொழுவுரத்தில் அரை விழுக்காடு தேறினால் பெரிது. அதே 20 கிலோவுக்கு 4 டன் எரு வேண்டும். கூடைக்கு 20 கிலோ என்று வைத்தால் 200 நடை. ரசாயனத்தை விடுங்கள், இயற்கைக்குத் திரும்புங்கள் என்று மேடையில் நாம் ஒரு வரியில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அந்த 200 நடை யாருடைய கழுத்துக்குப் போகிறது?

யூரியாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். சரிவில் மழை அடித்தால் மண் ஓடும். அந்த மண்ணைப் பிடித்து ஈரம் காப்பதற்கு மக்கிய இலைதழை வேண்டும், அதை யூரியா தராது. ஆனால் சுமையைக் குறைக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எருக்குழியை வீட்டுப் பக்கம் வெட்டாமல் வயலிலேயே வெட்டலாம். வரப்பில் தீவன மரம் வைத்தால் இலைக்காகக் காட்டுக்கு ஏறும் நடை குறையும். உத்தராகண்டின் கார்வால் பகுதியில் பீமல் என்ற தீவன மரத்தை வரப்பில் வளர்ப்பது பழைய பழக்கம்தான்.

அதே பகுதியில் 'பாரா அனாஜா' என்று ஒரு சாகுபடி முறை உண்டு. பெயருக்குப் பன்னிரண்டு தானியம். கேழ்வரகு, தண்டுக்கீரை விதை, ராஜ்மா, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு என்று ஒரே வயலில் கலந்து விதைப்பார்கள். ராஜ்மா கொடி கீரைத்தண்டைப் பிடித்து ஏறும். பயறுகளின் வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால், எருவுக்கான நடையில் கொஞ்சம் மிச்சம். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். இத்தனை பயிர் நெருங்கி நிற்கும் வயலில் எது களை, எது கன்று என்று முளையிலேயே தெரியவேண்டும். அந்தக் கண் அங்குள்ள பெண்களுக்கு உண்டு. அடுத்த பருவத்துக்கு எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். 1980களில் தெஹ்ரி கார்வாலில் எழுந்த 'பீஜ் பச்சாவோ' விதை காப்பு இயக்கம் இந்த அறிவை நம்பித்தான் நின்றது.

அப்புறம் ஏன் மலையில் சிறுதானியம் குறைந்தது? ரேஷன் அரிசி, சந்தை விலை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. உலக்கையைத்தான் யாரும் சொல்வதில்லை. குதிரைவாலி, சாமையெல்லாம் உமி நீக்காமல் உலையில் போகாது. பகல் முழுக்க வயலில் நின்றவள் இருட்டியபின் உரலுக்கு முன் நிற்கவேண்டும். அரிசி அப்படியே பானைக்குப் போகும். நானாக இருந்தாலும் அரிசியைத்தான் எடுப்பேன். அல்மோராவிலுள்ள விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கேழ்வரகும் குதிரைவாலியும் அடித்துச் சுத்தம் செய்யச் சிறிய இயந்திரம் உருவாக்கியது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைச் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தது. சிறுதானியத்தைப் புகழ்ந்து பத்துக் கூட்டம் போடுவதைவிட ஊருக்கு ஓர் இயந்திரம் மேல் என்பது என் கருத்து. சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். குழுத் தலைவியின் கணவர் இடுப்பில் தொங்கினால் பயனில்லை.

சரி, காகிதத்துக்கு வருவோம். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 சாகுபடி நிலங்களில் பெண்கள் பொறுப்பில் நடப்பதாகப் பதிவானவை சுமார் 14. நிலப் பதிவில் பெயர் இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது பெரும்பாடு. காட்டுப்பன்றி வயலை உழுதுவிட்டுப் போனால் இழப்பீடு கேட்டு மனு எழுதக்கூட ஊரில் இல்லாத கணவனின் கையெழுத்து வேண்டியிருக்கிறது. பட்டா இல்லாவிட்டாலும் பயிர் செய்யும் பெண்ணை உழவர் என்று சட்டம் ஏற்கவேண்டும் என எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது காலாவதியாகிவிட்டது. உத்தராகண்ட் 2021இல் சட்டத்தைத் திருத்தி, கணவரின் பூர்வீக நிலத்தில் மனைவிக்கும் இணை உரிமை கொடுத்தது. நேபாளத்தில் வேறு வழி பிடித்தார்கள்: பெண் பெயரில் நிலம் பதிந்தால் கட்டணத்தில் தள்ளுபடி. பணம் மிச்சம் என்று மட்டும் கருதி மனைவி பெயரில் எழுதியவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும். பத்திரத்தில் பெயர் ஏறியது ஏறியதுதான்.

ஆண்களுக்குக் கிடைக்கும் இடுபொருளும் கடனும் பயிற்சியும் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு கூடும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011இல் கணித்தது. பயிற்சி என்றதும் ஒன்று: தயவுசெய்து மாட்டுக்குப் புல் அறுக்கும் நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள்.

இந்த அவையில் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். பயனாளிகள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், விளைச்சலுக்கு ஒரு கட்டம், சந்தைக்கு ஒரு கட்டம் வைத்திருப்பீர்கள். இன்னொன்று சேருங்கள்: இந்தத் திட்டத்தால் பெண்ணின் வேலை நாளில் எத்தனை மணி நேரம் கூடும், எத்தனை குறையும்? வயலுக்குப் போய் அவர்களிடமே கேட்டு நிரப்புங்கள். கூடும் என்று வந்தால் அறிக்கையைத் திருப்பி எழுதுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.