செவலை ஏன் திரும்பிப் பார்த்தாள்?

நடுவர் அவர்களுக்கும் மன்னார்குடி மக்களுக்கும் வணக்கம். விலங்குக்கும் தன்னை அறிகிற சிந்தனை உண்டு என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி நல்ல கைதட்டு வாங்கினார். "மாட்டுக்கு முன்னால் கண்ணாடி வைத்தால் நெற்றிப் பொட்டையா சரிசெய்யும், முட்டத்தான் வரும்" என்றார். சரி, கண்ணாடிக்கே வருவோம். 2006இல் வெளியான ஆய்வு இது. நியூயார்க்கில் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஹேப்பி என்ற யானையின் தலையில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டுப் பெரிய கண்ணாடி முன் விட்டார்கள். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அறிந்ததுபோல் ஐயா, அது தும்பிக்கையைத் தூக்கித் தன் தலையில் இருந்த குறியைத் திரும்பத் திரும்பத் தொட்டது! கூட இருந்த இரண்டு யானைகள் குறியைத் தொடவில்லை என்பதும் உண்மைதான். அதனால் அவை யோசிக்காத யானைகள் ஆகிவிடுமா? மாட்டுக்கு உலகம் மூக்கில் இருக்கிறது, நீங்கள் கண்ணாடியை நீட்டினால் அது என்ன செய்யும்?

எங்கள் வீட்டுச் செவலைப் பசுவைச் சொல்கிறேன். மத்தியானம் அப்பாயி திண்ணையில் கண்ணயர்ந்ததும் கொல்லைப் படலின் கொண்டியை நாக்கால் நெம்பித் திறந்து தவிட்டு மூட்டைக்குப் போய்விடுவாள். ஒருநாள் அப்பாயி தூங்குவதுபோல் படுத்திருந்தார். கொண்டி விலகியது, படல் திறந்தது, செவலை ஒரு காலை உள்ளே வைத்தாள், வைத்துவிட்டுத் திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பாயிக்கு ஒரு கண் திறந்திருந்தது. அவ்வளவுதான், வைத்த காலை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து அசைபோட ஆரம்பித்துவிட்டாள்! தவிட்டு மூட்டை இரண்டடியில் இருக்கிறது, பசி இருக்கிறது, படலும் திறந்திருக்கிறது. அப்புறம் ஏன் திரும்பிப் பார்த்தாள்? அந்தப் பார்வையைத்தான் நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"அது அடிக்குப் பயம்" என்பார் தம்பி. வெறும் பயமென்றால் படல் பக்கமே போயிருக்கமாட்டாள். அப்பாயி பார்க்கிறாரா என்று பார்த்தாளே, அதற்கு என்ன பெயர்? ஜே என்ற காக்கை இனப் பறவைகளை வைத்துக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. இரையை ஒளிக்கும்போது இன்னொரு பறவை பார்த்திருந்தால், அது போன பிறகு இரையை எடுத்து வேறு இடத்தில் ஒளித்தன. அதிலும் முன்பு தானே திருடிப் பழகிய பறவைகள்தான் அப்படி மாற்றின, திருடிப் பழகாதவை மாற்றவில்லை. தான் செய்ததை வைத்து அடுத்தவன் செய்யப்போவதைக் கணக்குப் போடுவது சிந்தனை இல்லையா?

ஆய்வெல்லாம் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, யாருக்கு மறக்கும்? வேதாரண்யம் பக்கம் எங்கள் அத்தை வீட்டுக் கொட்டகை சரிந்து கன்று செத்துவிட்டது, தோப்பில் புதைத்தார்கள். தாய்ப்பசு வைக்கோலைத் தொடவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி அந்த இடத்துக்கே போய் நின்று கத்தியது. இழுத்து வந்து கட்டினால் மறுபடி போனது. அத்தையும் கூடவே போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தம்பி, அந்தப் பசுவுக்கு நினைப்பே இல்லை என்று அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு வருமென்றால் வாருங்கள், நானே வேதாரண்யத்துக்கு அழைத்துப் போகிறேன்!