அரில்: புதருக்குள் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டில் அடியெடுத்து வைக்க இடமில்லாதபடி செடியும் கொடியும் முள்ளும் பின்னிக் கிடக்கும் இடத்தை நாம் பொதுவாகப் புதர் என்கிறோம்; தூறு என்பாரும் உண்டு; இலங்கைத் தமிழர் பற்றை என்பர். இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் இவற்றுள் எதுவும் அன்று. வழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோன 'அரில்' என்னும் சொல்லைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அகராதியைப் புரட்டினால் அரிலுக்குப் பிணக்கம் (அதாவது பின்னிக் கிடத்தல்), சிறுதூறு, குற்றம் என்று தொடர்பற்றவை போலத் தோன்றும் பொருள்கள் அடுத்தடுத்து நிற்கும். காட்டுத் தூறும் குற்றமும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்ற வியப்பே என்னை இச்சொல்லின் பக்கம் இழுத்தது.

குறுந்தொகையின் 91ஆம் பாடலில் ஔவையார், 'அரிற்பவர்ப் பிரம்பின் வரிப்புற விளைகனி' என்று தொடங்குகிறார். பவர் என்பது கொடி. ஒன்றோடொன்று பிணங்கிய கொடிகளையுடைய பிரம்பின் கனி ஆழமான குளத்தில் விழ, கெண்டைமீன் அதைக் கவ்வுகிறது. பிரம்பு தானாக நிமிர்ந்து நிற்கும் மரம் அன்று. கொக்கி போன்ற முட்களால் அருகிலுள்ளவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுவது. ஆகவே ஒரு தண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாத அந்தச் சிக்கலே அரில். அடர்த்தி அதன் விளைவுதான். இப்பாடல் குறிஞ்சியோ முல்லையோ அன்று, மருதம் என்பதையும் கவனிக்க வேண்டும். முதிர்ந்த மழைக்காட்டின் உட்பகுதியில் மேல்விதானம் வெயிலை மறைத்துவிடுவதால் தரை பெரும்பாலும் நடக்கத்தக்கதாகவே இருக்கும். நீர்க்கரையிலும் காட்டின் ஓரத்திலும் மரம் சாய்ந்த இடைவெளியிலும் ஒளி விழும்போதுதான் கொடிகள் இப்படிப் பின்னுகின்றன. குளக்கரையில் அரிலைக் காட்டிய புலவரின் கண் பிழை செய்யவில்லை.

புதல் என்ற பழஞ்சொல்லின் நோக்கு வேறு. 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்னும் 274ஆம் குறளில் அது வேடன் ஒளிந்து நிற்கும் மறைவிடம். மிளை என்பதோ அரணைச் சூழ்ந்த காவற்காடு. இவற்றையெல்லாம் ஒருபொருட் பன்மொழி என்று ஒரே மூட்டையில் கட்டுவது எளிது. ஆனால் அப்படிக் கட்டிவிட்டால் ஒவ்வொரு சொல்லும் காட்டைப் பார்த்த பார்வை காணாமற் போய்விடும்.

இனிக் குற்றத்துக்கு வருவோம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், அந்நூல் அதங்கோட்டு ஆசானிடம் 'அரில்தபத் தெரிந்து' அரங்கேறியதாகப் பாடுகிறார். 'குற்றம் அற' என்று இதற்கு உரை சொல்வர். உரை சரியே. எனினும் அடுத்த அடி 'மயங்கா மரபின் எழுத்துமுறை காட்டி' என்று வருவதைச் சேர்த்துப் படித்தால், இங்கே பேசப்படும் குற்றம் ஒழுக்கக்கேடு அன்று, ஒன்று மற்றொன்றோடு கலந்து முறை தெரியாமற் போகும் குழப்பமே என்பது என் கருத்து. இலக்கண ஆசிரியருக்குக் கருத்துகள் பிணங்குவதே பெருங்குற்றம். காட்டில் வழி தேடுபவர் கொடிகளை விலக்குவது போலவே அவர் விதிகளைப் பிரித்து வைக்கிறார். பிணைதலோடு உறவுடைய பிணக்கு சண்டையைக் குறிப்பதும், நூலிழையில் விழும் சிக்கல் வாழ்க்கைக்கும் ஆகிவருவதும் இதே மனப்போக்கில்தான்.

இச்சொல்லை மீட்கலாமா என்றால், எல்லாப் புதருக்கும் வேண்டாம் என்பேன். தனித்து நிற்கும் செடிக்குப் புதர் போதும். முதுமலைக் காட்டில் பரவி, கிளைமேல் கிளை ஏறிப் பின்னி, விலங்கும் நுழையத் தயங்கும்படி மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியைக் குறிக்கவோ, 'அரில்' அளவாகத் தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

நன்றி, வணக்கம்.