கணவர் கேப்டன், மனைவி கர்னல்

[திரையில்: இருட்டு. தூரத்தில் காலடிச் சத்தம்.]

1746, பிப்ரவரி 16. ஸ்காட்லாந்து மலைநாட்டில், இன்வர்னெஸ் நகருக்குத் தெற்கே மோய் ஹால் என்ற வீடு. தன் தந்தைக்காகப் பிரிட்டிஷ் அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் உள்ளே தங்கியிருக்கிறார். அவரைப் பிடிக்க, அரியணையில் இருந்த ஜார்ஜ் மன்னரின் தளபதி லௌடன் பிரபு 1,500 வீரர்களுடன் இரவோடு இரவாக வருகிறார்.

வழியில் காவலுக்கு இருந்தது ஐந்தே பேர். டொனால்ட் ஃபிரேசர் என்ற கொல்லரும் நான்கு ஆட்களும்.

[திரையில்: வெட்டவெளியில் கரிய குவியல்கள்.]

இந்தக் குவியல்களைப் பாருங்கள். அடுப்பெரிக்க வெட்டி அடுக்கிய கரிமண். ஐவரும் இவற்றுக்கு இடையே தள்ளித்தள்ளி நின்று சுட்டார்கள். பெரிய குலங்களின் பெயர்களைச் சொல்லி, "முன்னேறுங்கள்!" என்று கத்தினார்கள். இருட்டில் ஒவ்வொரு குவியலும் ஒரு படையாகத் தெரிந்தது. வந்தவர்கள் விழுந்தடித்துக்கொண்டு இன்வர்னெஸுக்கே ஓடினார்கள். இறந்தவர் ஒருவர்: மெக்கிரிமன் என்ற பைப் இசைக்கலைஞர். அவருக்காக இன்றும் என் மனம் கனக்கிறது.

சரி, கொல்லரை அனுப்பியது யார்? அந்த வீட்டுக்காரி, ஆன் மெக்கின்டாஷ். வயது இருபத்துச் சொச்சம்.

அவர் கணவர் ஈனியஸ்தான் மெக்கின்டாஷ் குலத்தலைவர். தலைவர் அழைத்தால் குலத்து ஆண்கள் போருக்குப் போக வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். ஆனால் ஈனியஸ் ஜார்ஜ் மன்னரின் படையில் கேப்டன். ஆனின் மனமோ ஸ்டூவர்ட் பக்கம். கணவர் அழைக்காத ஆட்களை ஆன் அழைத்தார். நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். போர்க்களத்தில் அவர்களை நடத்தியது மெக்கிலிவ்ரே என்ற தளபதி. ஆன் வாளேந்திப் போரிடவில்லை. என்றாலும் ஊர் அவரைத்தான் 'கர்னல் ஆன்' என்றது. கணவரின் சொல் செல்லும் மண்ணில், அவருக்கு எதிராக ஆள் திரட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

[திரையில்: மோய் ஹால் வாசல்.]

மார்ச் மாதம் ஈனியஸ் ஸ்டூவர்ட் படையிடம் சிக்கினார். இளவரசர் அவரை யார் காவலில் விட்டார் தெரியுமா? ஆனிடமே! வாசலில் இருவரும் பேசியதாக வழிவழியாகச் சொல்வது இவ்வளவுதான்:

"வணக்கம், கேப்டன்."

"வணக்கம், கர்னல்."

எனக்கு இது பக்கம் பக்கமான காதல் வசனத்தைவிடப் பெரியது. ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் மதித்த குரல் அதில் கேட்கிறது.

அப்புறம் ஏப்ரல் 16, இன்வர்னெஸ் அருகே கலோடன் போர். ஸ்டூவர்ட் படை தோற்றது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மெக்கிலிவ்ரே களத்திலேயே விழுந்தார். ஆனைக் கைதுசெய்து சில வாரம் இன்வர்னெஸில் வைத்திருந்து, பிறகு மாமியாரிடம் ஒப்படைத்தார்கள். அவருடைய கேப்டன் உயிரோடு இருந்தார். ஆன் அழைத்த ஆட்களில் பலர் வீடு திரும்பவில்லை.