கிசாவுக்கு முன்னால் தஹ்ஷூர்: ஸ்நெஃபெருவின் மூன்று பிரமிடுகள்

[திரையில்: தஹ்ஷூர் பாலைவனம், மேலிருந்து. வளைந்த பிரமிடு, தூரத்தில் சிவப்புப் பிரமிடு]

பண்டைய எகிப்திய மன்னர்கள் என்றதும் கூஃபு, துட்டன்காமன், இரண்டாம் ராம்சேஸ், கிளியோபாட்ரா என்று பெயர்கள் வந்துவிடும். ஸ்நெஃபெருவின் பெயர் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. கூஃபுவின் தந்தை இவர். நான்காம் வம்சத்தின் முதல் மன்னர், கி.மு. 2600 வாக்கில் ஆண்டவர். எகிப்தில் வேறு எந்த மன்னரும் இவர் அளவுக்குக் கல் அடுக்கவில்லை. இவருடைய மூன்று பெரிய பிரமிடுகளையும் சேர்த்தால் 35 லட்சம் கன மீட்டரைத் தாண்டும். மகன் கிசாவில் கட்டியது சுமார் 26 லட்சம்.

நான்கு சமமான முகங்கள், அடி முதல் நுனி வரை ஒரே சாய்வு. பிரமிடு என்றால் நம் மனதில் வரும் இந்த வடிவம் முதன்முதலில் கட்டி முடிக்கப்பட்டது ஸ்நெஃபெருவின் ஆட்சியில்தான். அதற்குள் என்னென்ன பிசகியது, எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் கற்களே காட்டுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

[திரையில்: சக்காரா, ஜோசரின் படிப் பிரமிடு]

ஸ்நெஃபெருவுக்கு முன்மாதிரியாக இருந்தது சக்காராவில் மன்னர் ஜோசருக்காக இம்ஹோடெப் கட்டிய படிப் பிரமிடு. ஆறு படிகள், சுமார் 62 மீட்டர் உயரம். இதன் உள்கட்டைக் கவனியுங்கள். கல் வரிசைகள் தரைக்கு மட்டமாக இல்லை, உள்பக்கமாகச் சரிந்திருக்கின்றன. நடுவில் ஒரு கட்டு, அதன்மேல் சாய்ந்தபடி இன்னொரு சுவர், அதன்மேல் மற்றொன்று. படிப் பிரமிடுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. வழவழப்பான சரிவு வேண்டும் என்று வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

[திரையில்: அளவுக்கோல் வரைபடம். ஒரு முழம், 7 கையகலம், 28 விரற்கடை]

சாய்வை எகிப்தியர்கள் எப்படி அளந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு அரச முழம் சுமார் 52.4 செ.மீ. அதில் 7 கையகலம், ஒரு கையகலத்துக்கு 4 விரற்கடை. ஒரு முழம் மேலே போனால் எத்தனை கையகலம் உள்ளே தள்ள வேண்டும் என்பதே கணக்கு. 5 கையகலம் தள்ளினால் சாய்வு சுமார் 54 பாகை. ஐந்தரை கையகலம் தள்ளினால் கிட்டத்தட்ட 52 பாகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே விரற்கடை, அதாவது நாலு செ.மீ.கூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

[திரையில்: மெய்தூம், குறுக்குவெட்டு வரைபடம்]

முதல் இடம் மெய்தூம், கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. முதலில் ஏழு படி கொண்ட பிரமிடாக எழுப்பி, பிறகு எட்டுப் படியாகப் பெரிதாக்கினார்கள். கல்லறை அறை சின்னதுதான். ஆனால் அதன் கூரை புதுமையானது. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொரு கல் வரிசையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு, உச்சியில் இரண்டு பக்கமும் கூடுகின்றன. மேலே இருக்கும் எடையை ஒரே உத்தரக் கல் தாங்க வேண்டியதில்லை. இந்தக் கூரை முறை அடுத்தடுத்த பிரமிடுகளில் வளர்ந்துகொண்டே போவதைப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: வளைந்த பிரமிடு, வடமேற்கு மூலையிலிருந்து]

இடையில் அரசவை வடக்கே தஹ்ஷூருக்கு நகர்ந்தது. இங்கே படிகளே இல்லாத, சரிவான பிரமிடு ஒன்றைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் வைத்த சாய்வு 60 பாகைக்கு நெருக்கம். கட்டிக்கொண்டிருக்கும்போதே தரை அமுங்கியது. கிசாவில் இருப்பதைப் போன்ற உறுதியான பாறை இங்கே கிடையாது, களிமண்ணும் சரளையும் கலந்த மண்தான். லட்சக்கணக்கான டன் எடை ஏறியதும் அடித்தளம் சமமில்லாமல் இறங்கியது. உள்ளே நடைபாதைகளிலும் அறைகளிலும் விரிசல் விட்டது.

முதல் வைத்தியமாக, கட்டியிருந்ததைச் சுற்றிலும் இன்னொரு கல் உறையைச் சேர்த்தார்கள். அடித்தளம் அகன்று பக்கத்துக்கு சுமார் 188 மீட்டர் ஆனது. சாய்வு 54 பாகைக்கு, அதாவது 5 கையகலக் கணக்குக்கு, இறங்கியது. இந்த ஒட்டு எங்கே விழுந்தது என்பதை இன்றும் பார்க்கலாம். வடக்கு வாசல் வழியே சுமார் 12 மீட்டர் உள்ளே போனால், நடைபாதையின் தளமும் கூரையும் ஓரிடத்தில் பிசகி இறங்கியிருக்கும். பழைய கட்டும் புது உறையும் தனித்தனியாக அமுங்கிய இடம் அது.

அதுவும் போதவில்லை. விரிசல்களில் சாந்து பூசினார்கள். மேல் அறையில் சுவருக்குச் சுவர் தேவதாரு உத்தரங்களைக் குறுக்கே கொடுத்து முட்டு நிறுத்தினார்கள். அந்த மரம் லெபனான் பக்கத்திலிருந்து கடல் வழியே வந்தது. ஸ்நெஃபெரு காலத்தில் 40 கப்பல் நிறைய தேவதாரு வந்ததாக, பழைய மன்னர்களின் ஆண்டுக்குறிப்புகளைக் கொண்ட பலெர்மோ கல்வெட்டு சொல்கிறது. அந்த உத்தரங்களில் சில 4,600 ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நிற்கின்றன.

சுமார் 47 மீட்டர் உயரத்தில் பெரிய முடிவை எடுத்தார்கள். அங்கிருந்து சாய்வு சட்டென்று 43 பாகைக்கு இறங்குகிறது. சாய்வு குறைந்தால் மேலே ஏற்ற வேண்டிய கல்லும் குறையும், கீழே இருக்கும் அறைகள்மேல் விழும் எடையும் குறையும். இப்படி முடித்ததில் மொத்த உயரம் சுமார் 105 மீட்டர். கல் அடுக்கும் முறையையும் அந்த உயரத்தில் மாற்றியதுதான் நான் முக்கியமாக நினைப்பது. வளைவுக்குக் கீழே கற்கள் பழைய முறைப்படி உள்நோக்கிச் சரிந்திருக்கின்றன, மேலே மட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. பழைய முறை உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பது பாதி வேலையில் புரிந்துவிட்டது. வளைந்த பிரமிடைத் தோல்வி என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதல்ல. இடிந்து விழ வேண்டிய கட்டடத்தை நிற்க வைத்திருக்கிறார்கள். எகிப்தின் பெரிய பிரமிடுகளில் மேலுறைக் கல் அதிகமாக மிஞ்சியிருப்பதும் இதில்தான்.

[திரையில்: சிவப்புப் பிரமிடு]

அடுத்தது, அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், சிவப்புப் பிரமிடு. மண் நம்பகமில்லை என்று தெரிந்துவிட்டதால் அடித்தளத்தைப் பக்கத்துக்கு 220 மீட்டராக விரித்தார்கள். தொடக்கம் முதலே சாய்வு 43 பாகை, கற்கள் தொடக்கம் முதலே மட்டம். உயரம் இதுவும் சுமார் 105 மீட்டர். உள்ளே மூன்று அறைகள், மூன்றிலும் மெய்தூமில் பார்த்த அதே வகைக் கூரை. மூன்றாவது அறையின் உயரம் மட்டும் சுமார் 15 மீட்டர். உலகில் முறையாகக் கட்டி முடிக்கப்பட்ட முதல் சரிவுப் பிரமிடு இதுதான்.

[திரையில்: மெய்தூம் இன்று, இடிபாடுகளுக்கு நடுவே கோபுரம் போல]

ஆட்சியின் பிற்பகுதியில் ஸ்நெஃபெருவின் ஆட்கள் மெய்தூமுக்குத் திரும்பினார்கள். பழைய படிகளை நிரப்பி அதையும் சரிவுப் பிரமிடாக மாற்றினார்கள். சாய்வு 51 பாகை 50 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது ஐந்தரை கையகலக் கணக்கு. கோணம் சரிதான், கட்டுமானம்தான் சறுக்கியது. உள்ளே இருந்த படிப் பிரமிடு பாறைமேல் நின்றது, புதிதாகச் சேர்த்த வெளி உறை மணல்மேல் உட்கார்ந்தது. படிகளின் வெளிமுகத்தை ஏற்கெனவே இழைத்து வழவழப்பாக்கியிருந்ததால் புதுக் கல் அதோடு பிடித்துக்கொள்ளவில்லை. மணலில் கால் ஊன்றி, வழுக்கும் சுவரில் சாய்ந்த ஏணியின் கதைதான். இன்று வெளி உறை சரிந்து, நடுவில் கோபுரம் மட்டும் நிற்கிறது.

கட்டும்போதே ஒரே நாளில் இடிந்து, அதைப் பார்த்துப் பயந்துதான் தஹ்ஷூரில் சாய்வை மாற்றினார்கள் என்று பல வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அது பொருந்தாது. மெய்தூம் கோயிலில் பதினெட்டாம் வம்ச காலத்துப் பயணிகளின் கிறுக்கல்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் வந்து ஸ்நெஃபெருவின் பிரமிடைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சரிவு படிப்படியாக நடந்தது. கல் எடுக்க வந்தவர்கள் அதை வேகப்படுத்தினார்கள்.

[திரையில்: கிசா, பெரிய பிரமிடு]

இப்போது மகனிடம் வருவோம். கூஃபு தேர்ந்தெடுத்த இடம் கிசா, உறுதியான சுண்ணாம்புப் பாறை. சாய்வு, மெய்தூமில் கடைசியாக வைத்த அதே ஐந்தரை கையகலம். கற்கள் மட்டமாக. பக்கம் 230 மீட்டர், உயரம் 146.6 மீட்டர். அவ்வளவு பெரிய அடித்தளத்தில் மட்ட வித்தியாசம் சுமார் 2 செ.மீ. உள்ளே பெரிய கூடம் 8 மீட்டருக்கு மேல் உயர்கிறது. ஏழு கல் வரிசைகள், ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிட உள்ளே நீண்டவை. மெய்தூமின் சின்ன அறையில் தொடங்கிய கூரைதான் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

அங்கேயும் எல்லாம் பிசகில்லாமல் போகவில்லை. மன்னர் அறையின் கூரையில் அஸ்வானிலிருந்து வந்த ஒன்பது கிரானைட் உத்தரங்கள் இருக்கின்றன, அவற்றில் விரிசல் உண்டு. அதற்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து வெற்று அறைகள். உச்சியில் இருப்பதற்கு மட்டும் இரண்டு பக்கமும் சரிந்த கூரை. எடையைப் பக்கவாட்டில் தள்ளிவிட அது உதவுகிறது.

வேலை நடந்த விதத்துக்கு நேரடி ஆவணமும் கிடைத்தது. 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் தொல்லியலாளர் பியர் தாலே குழு கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் பணிக்குறிப்பு இருக்கிறது. தூரா சுரங்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி, படகில் கிசாவுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் குழுவின் வேலை. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை.

[திரையில்: கூஃபுவின் தந்தச் சிலை, பக்கத்தில் அளவுகோல்]

அப்பா, மகன் இருவரையும் எகிப்தியர்கள் வேறு வேறு விதமாக நினைவில் வைத்தார்கள். வெஸ்ட்கார் பாப்பிரஸ் என்ற பண்டைய எகிப்தியச் சுருளின் கதைகளில் ஸ்நெஃபெரு தன் பூசாரியைச் சகோதரா என்று கூப்பிடுகிறார். அதே சுருளில் கூஃபு, ஒரு வித்தையைப் பார்ப்பதற்காகக் கைதியின் தலையை வெட்டக் கேட்கிறார், வித்தைக்காரர் மறுத்துவிடுகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, நடு ராஜ்ஜியம் என்று சொல்லப்படும் காலத்தில், சினாய் சுரங்கப் பகுதியில் ஸ்நெஃபெருவைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். கூஃபுவின் முழு உருவச் சிலையாக நமக்கு உறுதியாகத் தெரிந்தது அபிடோஸில் கிடைத்த ஒரு தந்தச் சிலை மட்டுமே, உயரம் சுமார் 7.5 செ.மீ.

[திரையில்: சிவப்புப் பிரமிடின் வாசல், படிக்கட்டு]

தஹ்ஷூர் கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. அங்கே போகிறவர்கள் கவனிக்க இரண்டு விஷயம். சிவப்புப் பிரமிடின் வாசல் வடக்கு முகத்தில் 28 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறிய பிறகு 60 மீட்டருக்கு மேல் குனிந்தபடியே உள்ளே இறங்க வேண்டும். பாதையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை, காற்றும் குறைவு. முழங்கால் வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். வளைந்த பிரமிடில், உள்ளே போகும் முன் மேலுறை உடைந்திருக்கும் மூலை ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள். கீழ்ப் பகுதியின் கல் இணைப்புகளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அவை உள்நோக்கிச் சரிந்திருப்பது அங்கிருந்தே தெளிவாகத் தெரியும்.