கறுத்த நிறம் இருக்கட்டும், தேய்க்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கப்பலில் வேலை பார்த்த காலத்தில், பிலிப்பைன்ஸ் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் பழைய கத்திகளைத் தேடிப் போவேன். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை.

முதலில் வீட்டுக் கத்தி. போலோ என்பார்கள், தகலோகு மொழியில் இதாக். நம் வீட்டில் அரிவாள் எப்படியோ அப்படி. தேங்காய் உடைக்க, விறகு பிளக்க, புதர் வெட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். 1896-இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த கத்திபூனான் போராளிகள் பலரிடம் துப்பாக்கி கிடையாது. வயலில் பிடித்த அதே போலோவோடு வந்தார்கள். அவர்களின் தலைவர் போனிஃபாசியோவின் சிலைகள் பலவற்றில் அவர் கையில் போலோ இருக்கும். ஜீப், லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து இப்போதும் செய்கிறார்கள். அந்தக் கொல்லருக்குப் பண்டாய் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் போலோதான், ஏனென்றால் அதன் கைப்பிடியில் ஒருவர் ஆயுள் முழுக்கப் பிடித்த தேய்மானம் இருக்கும்.

தேய்மானம் என்றதும் என் முதல் கலிஸ் நினைவுக்கு வருகிறது. தெற்கே மிண்டனாவோ, சூலுத் தீவுகளில் மோரோ என்ற முஸ்லிம் மக்கள் வைத்திருந்த வாள் அது. இருபக்கமும் கூர், அலை அலையாக வளைவு, நேரானதும் உண்டு. ஜம்போவாங்காவில் துருப்பிடித்த ஒன்றை வாங்கினேன். ஊருக்கு வந்ததும் ஒரு பட்டறையில் கொடுத்து மெஷினில் பாலிஷ் போடச் சொன்னேன். எவர்சில்வர் தட்டு போலப் பளபளவென்று வந்தது. ஒரே சந்தோஷம்.

அடுத்த பயணத்தில் அதன் படத்தைப் பழைய சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் கலிஸை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். மடித்து மடித்து அடித்த இரும்பில் மரத்தின் வரி போல ஓட்டம். கைப்பிடிக்கு அருகே யானைத் தும்பிக்கை போன்ற செதுக்கல், முனை மழுங்காமல். பழைய கலிஸில் அந்த அடிப்பாகம் தனித் துண்டு, கங்யா என்பார்கள். பின்னாளில் ஒரே துண்டாகச் செய்து, மேலே கோடு மட்டும் கீறினார்கள். வயதைக் கணிக்க அந்த இணைப்புதான் முதல் சாட்சி.

வரி ஓட்டத்தை எலுமிச்சைச் சாறு தடவி மறுபடி வரவழைக்கலாம். அதைச் செய்தேன், வந்தது. ஆனால் மழுங்கிய செதுக்கல் வருமா? வராது. அதனால் திரும்பச் சொல்கிறேன்: தேய்க்காதீர்கள். மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், போதும். சிவந்த துரு மட்டும் போகட்டும். கறுத்துப்போன நிறம் அப்படியே இருக்கட்டும்.

1521-இல் மக்தான் தீவில் கடலோடி மெகல்லனை வீழ்த்தியது கம்பிலான் என்ற நீண்ட வாள் என்று பலர் சொல்வார்கள். அவருடன் பயணம் செய்து குறிப்பெழுதிய பிகஃபெட்டா, காலில் பட்டது வளைவாள் போன்ற பெரிய வாள் என்றுதான் எழுதினார், பெயர் சொல்லவில்லை. விற்பவர் அந்தக் கதையைச் சொன்னால் கதைக்காக விலை கொடுக்காதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. பதங்காஸ் மாகாணத்தின் மடக்குக் கத்தி பாலிசோங் பற்றி நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும்: சில நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம், வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் வேண்டாம். நன்றி, வணக்கம்.