ஆயுசு நூறு யாருக்கு?

நண்பர்களே, வணக்கம். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தேன். வாசலில் நின்ற தோழர், "இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம், உங்களுக்கு ஆயுசு நூறு" என்றார். சந்தோஷம். ஆனால் இந்த வாழ்த்து எந்த ஊரில், யாருக்குப் பலிக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

நாடு முழுக்கப் பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் அரசின் மாதிரிப் பதிவு முறை (SRS) என்று ஒன்று உண்டு. அதன் 2014-18 ஆயுள் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுட்காலம் 75.3 வருஷம். உத்தரப் பிரதேசத்தில் 65.3. ஒரே நாடு, ஒரே ரூபாய் நோட்டு, நடுவில் சுளையாகப் பத்து வருஷம்.

அப்படியானால் அங்கே எல்லாரும் 65 வயதில் போய்விடுகிறார்களா? இல்லை. சராசரியைக் கீழே இழுப்பதில் பச்சைக் குழந்தைகளின் சாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2020இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவர்கள் கேரளத்தில் 6 பேர். உத்தரப் பிரதேசத்தில் 38 பேர். கைக்குழந்தை ஒன்று போனால் கணக்கில் ஒரு முழு ஆயுளே போகிறது.

கேரளத்தில் பணம் இருந்தது, அதனால் சாதித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1970களில் அவர்களுடைய தனிநபர் வருமானம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. அப்போதே ஆயுளில் முந்தியிருந்தார்கள். 1817லேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த தாய், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள். நடக்கிற தூரத்தில் சுகாதார நிலையமும் வேண்டும். அங்கே டாக்டர் இல்லையென்றால் போய்ச் சண்டை போடுகிற ஜனங்களும் கேரளத்தில் இருந்தார்கள். அதை லேசாக நினைக்காதீர்கள்.

சரி, இது மாநிலக் கணக்கு. அந்த அட்டவணையில் ஆண், பெண், நகரம், கிராமம் எல்லாம் உண்டு, சாதி கிடையாது. உத்தரப் பிரதேசம், பீகார் உள்ளிட்ட 9 மாநிலங்களை வைத்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத் தேடிப் பார்த்தது. உயர்சாதி இந்துக்களைவிட தலித் மக்களின் ஆயுள் 3 வருஷத்துக்கு மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு 4 வருஷத்துக்கு மேல்.

"அது வறுமை சார், சாதியை ஏன் இழுக்கிறீங்க?" என்பார்கள். அதையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பொருளாதார நிலை, இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. மீதி எங்கிருந்து வருகிறது? என்னைக் கேட்டால், கையில் நாலு காசு வைத்திருக்கும் தலித் குடும்பத்தின் வீடு ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது, குடிநீர்க் குழாய் எதுவரை வருகிறது, தடுப்பூசி போட வரும் நர்ஸ் எந்தத் தெருவோடு திரும்பிப் போகிறார் என்று முதலில் போய்ப் பார்ப்பேன்.