டிஷ் முகம் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம்: மொட்டை மாடியில் போர்சைட் பாடம்

வணக்கம் நண்பர்களே. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் பேசுகிறேன். மைக்குக்குப் பஞ்சுறை மாட்டியிருக்கிறேன். இதற்கு மேல் கச்சான் காற்றிடம் கெஞ்ச முடியாது. கருவாட்டு வீடியோ கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று எனக்குக் கோபம்.

டிவியில் படம் விட்டுவிட்டு வந்ததால் டிஷ் பழுது பார்க்க ஒருவர் வந்தார். மாடி ஏறியதும் ஏறாததுமாக, "என்ன சார், டிஷ் தலை குனிந்து நிற்கிறது, வானத்தைப் பார்க்கவே இல்லையே?" என்றார். கீழிருந்து மச்சான் வேறு, "அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்று ஒத்து ஊதினார். வந்தவர் டிஷ்ஷைப் பிடித்து மேலே தூக்கினார், ஓரளவு வந்துகொண்டிருந்த படமும் போய்விட்டது. உடனே தீர்ப்பு: டிஷ் வீணாகிவிட்டது, புதிது போட 1,800 ரூபாய். வந்துபோன கூலி 300. கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர் அறியாத சொல் போர்சைட். அறிந்திருந்தால் என் டிஷ்ஷை அவமானப்படுத்தியிருக்க மாட்டார்.

துப்பாக்கிக்காரர்களிடமிருந்து வந்த சொல் இது. குழலின் உள்துளைக்கு ஆங்கிலத்தில் போர் என்று பெயர். துப்பாக்கியை அசையாமல் தாங்கியில் வைத்து, பின்பக்கத்தைக் கழற்றி, குழல் வழியாகவே தூரத்தில் உள்ள ஓர் அடையாளத்தைப் பார்ப்பார்கள். பிறகு மேலே பொருத்திய குறிநோக்கியும் அதே அடையாளத்தைக் காட்டும்படி திருகுவார்கள். குழலும் கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு வேலை முடிவதில்லை. குண்டு போகப் போகத் தாழும் அல்லவா, அதனால் சுட்டுப் பார்த்துச் சரிசெய்வது தனி வேலை. அதற்குப் பெயர் ஜீரோயிங். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆன்டெனாவுக்கு வந்தால், எந்தத் திசையில் அது மிக வலுவாகக் கேட்கிறதோ அந்த நேர்கோடுதான் போர்சைட். முகம் எங்கே பார்க்கிறது என்பது இங்கே கணக்கில்லை. நம் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை. எல்.என்.பி., அதாவது அலையைப் பிடிக்கும் சின்னப் பெட்டி, நடுவில் இல்லாமல் கீழே ஒரு கையில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த வகை. அலை மேலிருந்து வந்து, தட்டில் பட்டு, சாய்வாகக் கீழே எல்.என்.பி.க்குப் போகிறது. ஆகவே தட்டு பார்ப்பது ஓரிடம், உண்மையான பார்வைக் கோடு அதற்கு இருபத்துச் சொச்சம் டிகிரி மேலே.

நான் பார்ப்பது டிடி ஃப்ரீ டிஷ். அதைத் தருவது ஜிசாட்-15 செயற்கைக்கோள்; 2015 நவம்பரில் ஏரியன் ராக்கெட்டில் போனது, நிலநடுக்கோட்டுக்கு மேலே கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. நம் மண்டபத்திலிருந்து கணக்குப் போட்டால் வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 122 டிகிரி, அதாவது தென்கிழக்கு. ஏற்றக் கோணம், அதாவது அடிவானத்திலிருந்து மேலே நிமிரும் கோணம், ஏறத்தாழ 70. டிஷ்ஷின் பின்னால் உள்ள அளவுகோலில் 70 வைத்தால் தட்டு 46 டிகிரி அளவில்தான் நிமிர்ந்து தெரியும். அது தலைகுனிவு இல்லை, ஐயா! தட்டையே 70க்கு நிமிர்த்தினால் பார்வைக் கோடு உச்சியைத் தாண்டி மறுபக்கம் சரிந்துவிடும்.

சரி, பிறகு ஏன் படம் விட்டுவிட்டு வந்தது? டிஷ்ஷைக் குழாயோடு பிடித்து நிறுத்தும் கிளாம்ப்பின் போல்ட். உப்புக் காற்றில் துருப்பிடித்து மெலிந்துவிட்டது, காற்றடிக்கும்போதெல்லாம் டிஷ் ஆடுகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் சக்தி பாதியாகிவிடும். ஒன்றரை டிகிரி என்றால் டிஷ் விளிம்பு வெறும் 8 மில்லிமீட்டர் நகர்வது. அங்கே மேலே, செயற்கைக்கோள் நிற்கும் உயரத்தில், அது கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர்! வானம் தெளிவாக இருந்தால் பாதி சக்தியிலும் படம் ஓடும். ஐப்பசி மழை மேகம் ஒன்று வந்தால் போதும், திரை கருப்பு. "மழை வந்தால் டிஷ் வேலை செய்யாது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மழை மட்டும் காரணமில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். டிவியில் இரண்டு பட்டை காட்டும்: வலு ஒன்று, தரம் ஒன்று. வலுவை நம்பாதீர்கள். 91.5 டிகிரியில் மீசாட் செயற்கைக்கோள்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. டிஷ் அந்தப் பக்கம் திரும்பினாலும் வலு உயரும், தரம் பூஜ்யம். தரப் பட்டையைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். செல்போன் திசைகாட்டியை இரும்புக் குழாயோடு ஒட்டி வைக்காதீர்கள், அது பொய் சொல்லும்.

இப்போது போல்ட் கதை. சாதாரண இரும்புப் போல்ட் ஐந்து ரூபாய். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் 35 ரூபாய் என்றார் கடைக்காரர். ஒரு போல்ட் 35 ரூபாயா! நான்கு வேண்டும், 140. "120 ஆக்குங்கள் அண்ணாச்சி" என்றேன். "உப்புக் காற்றிடம் போய்ப் பேரம் பேசுங்கள் தம்பி" என்றார். கடைசியில் 130க்கு, இரண்டு வாஷர் இலவசமாக வாங்கிவிட்டேன். அந்த வாஷர்களைத்தான் இதோ கையில் வைத்திருக்கிறேன், பாருங்கள். 1,800 எங்கே, 130 எங்கே?

இன்னொரு பயன்பாடு, சுருக்கமாக. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 அணி சேர்க்கப்பட்டது நினைவிருக்கும். அந்த விமானம் சுமக்கும் ஆர்-73 ஏவுகணையை 'ஹை ஆஃப்-போர்சைட்' வகை என்பார்கள். விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இருக்க, விமானி தலைக்கவசக் குறிநோக்கியால் பக்கவாட்டில் பார்த்தே இலக்கைக் கொடுக்கலாம். மூக்கின் நேர்கோட்டிலிருந்து அவ்வளவு விலகியும் வேலை செய்யும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

போல்ட்டை முடுக்கும்போது கவனம். ஒரே பக்கத்தை முழுதாக முடுக்கினால் டிஷ் அரை டிகிரி இழுபடும். எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், தரப் பட்டையை ஒருவர் கீழிருந்து கத்திக்கொண்டே இருக்கட்டும். எனக்கு மச்சான் கத்தினார். தரம் 72 வந்ததும் வாயை மூடிக்கொண்டார். முடுக்கிய பிறகு குழாயிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள், அடுத்த முறை நகர்ந்தால் பார்த்ததும் தெரியும். படகுக்கு அடித்து மிச்சமிருக்கும் பெயின்ட்டாக இருக்கட்டும்; மற்றவை இந்தக் காற்றில் ஒரு கோடைகூடத் தாங்காது.